பேவரிட்டை நம்பாத சூசைதாசன்

முருங்கன் சந்தியில் மன்னார் பஸ்ஸுக்காக நின்றபோது சூசைதாசனின் மனைவி ஞானம்மாவின் அழைப்பு வந்தது. "அண்ணை, இவர் விடியப்பறம் முடிஞ்சிட்டார். வேலைக்கு வரமாட்டார் எண்டு கடையில சொல்லிவிடுங்கோ," என்றார். பஸ் வந்தது, ஏறினேன். கடைக்கு அவரைத் தேடி வந்த முதல் ஆளுக்குப் பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் செய்தி எனக்கே விளங்கியது.

சூசைதாசனும் நானும் மன்னார் நகரில், சனம் புக்கி என்று சொல்லும் குதிரைப் பந்தயக் கடையில் ஆறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பந்தயத் துண்டு எழுதினோம். அவர் வங்காலைக் கடற்றொழிலாளி. மீள்குடியேறி வந்தபோது படகும் இல்லை, வலையும் இல்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்தே அந்த விளையாட்டைப் படித்தார். ஒருநாளும் தான் காசு கட்டியதில்லை.

ஒரு மாலை, நெல் மூட்டை சுமக்கும் ஒருவர் அன்றைய கூலி முழுவதையும் பேவரிட்டில், வெல்லும் என்று கூடுதல் பேர் கட்டும் குதிரையில், கட்டினார். குதிரை மூன்றாவதாக வந்தது. "நல்ல குதிரை எண்டுதானே எல்லாரும் கட்டினது, பிறகேன் தோத்தது?" என்று கேட்டார்.

தாசன் பேனாவை வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "நல்ல குதிரைதான். ஒண்டுக்கு ஒண்டு விட்டா எதையும் வெல்லும். ஆனா எதிர ஓடுறது பத்து. அந்தப் பத்தில ஏதோ ஒண்டு முந்தினாக் காணும், இது தோத்திடும். பேவரிட் எண்டு பேர் வைக்கிறது சனம். சனம் நினைக்கிறது குதிரைக்குத் தெரியாது."

முதலாளி பிறகு அவரைக் கூப்பிட்டு ஏசினார். தாசன், "நான் சொன்னாலும் நாளைக்கு வந்து அதிலதான் கட்டுவார்," என்றார். அந்த மனிதர் மறுநாள் வந்து அதில்தான் கட்டினார்.

தாசனின் ஒரே மகன் றெஜி. யுத்தத்தின் கடைசி நாளில், இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் வரிசையில் ஞானம்மாவே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட பிள்ளை. புலிகள் இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய் மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அதனால் ஊரில் எல்லாரும் ஒரே கதை சொன்னார்கள்: முதலில் விடுதலையாகி வருவது றெஜிதான். சுவாமியார் சொன்னார். தடுப்பு முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். ஞானம்மா அளவு பார்த்துச் சேட் வாங்கி வைத்தார்.

அதே தெருவில் வருடக்கணக்காக இயக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். றெஜி வரவில்லை.

இரண்டாமவர் வந்த அன்று, கடை பூட்டும்போது தாசன் என்னிடம் சொன்னார்: "எங்கட பிள்ளைதான் முதல் வருவான் எண்டு எல்லாரும் சொல்லத் தொடங்கேக்கையே எனக்குப் பயம் பிடிச்சது. அவன் வாறதுக்கு ஒரு வழிதான். வராமல் போறதுக்கு எத்தினை வழி இருந்தது எண்டு எனக்குத் தெரியும். நீர் இதை ஞானத்துக்குச் சொல்லிப்போடாதேயும்."

நான் சொல்லவில்லை. காணாமல் போனவர்கள் பற்றிய விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும், வவுனியாவோ கொழும்போ, அவர் லீவு போட்டுக்கொண்டு மனைவியோடு போனார். ஒவ்வொரு கந்தோரிலும் அதே கேள்விகள், அதே படம். திரும்பி வந்து, "பாப்பம் எண்டு சொன்னவை," என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு ஞானம்மா என்னிடம் வந்தார். "உங்களுக்கெண்டாலும் உண்மையைச் சொல்லியிருப்பார். பிள்ளை வருவான் எண்டு நம்பினவரோ?"

"ஓம், நம்பினவர்," என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை. அந்தாள் ஒருநாளும் நம்பேல்லை. எனக்காகத்தான் வந்தவர்."

ஞானம்மா நம்புகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று முகத்திலேயே தெரிந்தது. மடித்த கடிதம் ஒன்றை நீட்டினார். அடுத்த மாதம் விசாரணைக்கு வவுனியாவுக்கு வரச்சொல்லி இருந்தது. "தனியப் போக ஏலாது. வாறீங்களோ?"

"வாறன்," என்றேன்.

தாசனைத் தெரிந்தவர்கள் அவருடைய கணிப்பையும் நேர்மையையும் நினைப்பீர்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: அவன் வரமாட்டான் என்று தெரிந்துகொண்டே, அந்தத் தாயோடு போய் வரிசையில் இருப்பது.