துண்டுக்குள் பேசி முடித்த கல்யாணம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். எங்கள் மகனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அப்பா நேற்று போனில் சுற்றி வளைத்து, தொண்டையைச் செருமி, "உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொல்லிட்டீங்கன்னா..." என்று இழுத்தார். என் கணவர் "நேர்ல பேசிக்கலாங்க" என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு என்னிடம் திரும்பி, "அப்பாவோட துண்டு எங்க?" என்று கேட்டார். பீரோவின் அடித்தட்டில், என் கல்யாணப் புடவைக்குக் கீழே இருந்து எடுத்தேன். பச்சைக் கரை போட்ட முரட்டு நூல் துண்டு. எத்தனை முறை துவைத்தும் அதில் மாட்டு வாசனையும் மூக்குப்பொடி வாசனையும் இன்னும் இருக்கின்றன. இல்லவே இல்லை என்கிறார் என் கணவர். இந்த மனிதருக்கு மூக்கு எதற்குத்தான் இருக்கிறதோ!

துண்டுக்குச் சொந்தக்காரரான என் மாமனார் குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுத் தரகர். அதற்கு முன்னால், எழுபதுகளில், அவரும் அவருடைய அண்ணனும் இரண்டு தம்பிகளும் செய்த தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் கடத்தல் என்று பெயர். அரிசியை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று கெடுபிடி இருந்த காலம் அது. ஜூஜுவாடி செக்போஸ்டில் காவலுக்கு நின்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இவர்களுடைய வண்டிகள் ஏரிக்கரை வழியாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். குறுக்கே நின்றவர்களுக்கு அடி விழும். பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள் என்றாலும் பெயர் விடவில்லை. நான்கு மீசைகளும் ஒன்றாகச் சந்தைக்குள் நுழைந்தால் சுற்றியிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, அவர்களைப் பற்றி வீட்டுக்குள் பேசும்போதும் சன்னலை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அந்த வீட்டுப் பையனைத்தான் நான் காதலித்தேன். எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. சின்னச் சின்னப் பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டும். அவர் டூல் ரூமில் இருந்தார். அப்பன் சித்தப்பன் தொழில் எதுவும் வேண்டாம் என்று ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவர். சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். இவர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று கேன்டீனில் யாரோ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வார விடுமுறையில் நாங்கள் மேட்னி ஷோ போவோம். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எந்த மொழிப் படமானாலும் கூட்டம் வரும். எல்லோருக்கும் எல்லாமும் கொஞ்சம் புரியும். அப்போது எனக்குப் பைத்தியமாகப் பிடித்தவை தாதா குடும்பத்துக் காதல் படங்கள்தான். பெயர்கள் மாறும், கதை ஒன்றுதான். ஊரே நடுங்கும் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுப் பையன் ஒரு சாதுவான வாத்தியாரின் மகளைக் காதலிப்பான். அடியாட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குக் கத்தரிக்காய் நறுக்குவார்கள். ஆளைத் தூக்கி வரச் சொன்னால் தப்பான ஆளைத் தூக்கி வந்து, அவருக்கு விருந்து போட்டு அனுப்புவார்கள். கடைசியில் அந்தப் பெரிய தாதா, வரப்போகும் மருமகள் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அந்த இடம் வந்தால் போதும், எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் மட்டும் சிரிக்க மாட்டார், அழவும் மாட்டார். "எங்க வீட்ல கத்தரிக்கா நறுக்க ஆளு கெடையாது" என்பார்.

ஏன் அந்தப் படங்கள் அப்படி இழுத்தன என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணமாகிப் போகிற பெண் ஒவ்வொருத்தியும் ஒரு தாதா வீட்டுக்குள்தான் போகிறாள். துப்பாக்கி இருப்பதில்லை, அவ்வளவுதான். யார் தலைவர், யார் கோபித்தால் அடுப்பு அணையும், யார் முன்னால் உட்காரக் கூடாது என்பதையெல்லாம் பயந்து பயந்துதான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற குடும்பப் படங்கள் அந்தப் பயத்தை மஞ்சள் குங்குமத்தால் மூடிவிடும். இந்தப் படங்கள் அதை வாசலில் மீசையோடு நிற்க வைத்து, பிறகு அந்த மீசையையே சிரிக்க வைத்துக் காட்டும். பயந்த இடத்திலேயே தட்டில் சோறு விழும் என்று சொல்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது?

இதை நம்பித்தான் அப்பாவிடம் தைரியமாகப் பேசினேன். "மனசுக்குள்ள நல்லவங்கப்பா அவங்க" என்றேன்.

"யாரு சொன்னா? சினிமாவுல பாத்தியா?" என்றார் அப்பா. "சினிமாவுல சிரிப்பானுங்கடி. நான் சந்தையில பாத்திருக்கேன். அந்தாளு வெரலப் புடிச்சா எலும்பு நொறுங்கிப் போவும்."

அப்பா சொன்னது சந்தைப் பேரத்தை. மாட்டு விலையை அங்கே வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் முடிந்ததை மூன்றாம் ஆள் கேட்கக் கூடாது என்பது அந்தச் சந்தையின் சட்டம். என் மாமனார் அதில் புலி. அப்பா ஒருமுறை உழவு மாடுகளை விற்கப் போய், அவர் கையில் விரலைக் கொடுத்துவிட்டு, அவர் கேட்ட விலைக்கே தலையாட்டி வந்தவர்.

இருந்தாலும் மகள் பிடிவாதம் பெரிதல்லவா? ஒரு நல்ல நாள் பார்த்து நான்கு மீசைகளும் ஒரு ஜீப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. சினிமாவேதான்! தெருவில் விளையாடிய பிள்ளைகள்கூட ஓடிப் போய்விட்டார்கள். அம்மாவின் கேசரி கட்டி தட்டிப் போனது. அந்த வருஷம் தக்காளி விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் அப்பா மாடுகளுக்குப் போட்டிருந்தார். மாமனாரின் அண்ணன்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலை. அவர் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே ஆரம்பித்தார். "எங்க ஊட்டுக்கு வந்த மருமவளுங்க யாரும் வெறுங்கழுத்தோட வரலீங்க. நீங்க எத்தன பவுனு போடறீங்கன்னு சொல்லிட்டா நல்லது. இல்லன்னா இப்பவே எந்திரிச்சிடறோம்."

அப்பா அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, படம் அறுந்து கொட்டகையில் விளக்கைப் போட்டது போல இருந்தது.

அப்போதுதான் மாமனார் எழுந்தார். "அண்ணே, நீ காப்பியக் குடி. பேரம்னா அது என் வேல" என்றார். அப்பாவுக்கு எதிரே வந்து பாயில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நெற்றி வேர்த்தது. அப்புறம் ஏதோ புரியாதது போல மாமனாரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அவர் கண் கலங்கியது. அய்யோ, எவ்வளவு கேட்டுத் தொலைத்தாரோ! மாமனார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தரகர் முகம் அது. பெரியவரின் காப்பி ஆறிப்போகிற வரை துண்டு அசையாமல் கிடந்தது.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் மாமனார். "முடிஞ்சுதுங்க" என்றார் அப்பா. துண்டு மறுபடியும் தோளுக்கு ஏறியது.

"எவ்ளோடா?" என்றார் அண்ணன்.

"துண்டுக்குள்ள பேசினதக் கேக்கற. சந்தையில கேப்பியா நீ?"

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு காப்பியைக் குடித்தார். சட்டம் சட்டம்தான்.

அம்மாவின் ஒற்றைச் சங்கிலியோடும் தோட்டோடும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். மற்ற ஓரகத்திகள் என் கழுத்தைப் பார்ப்பார்கள், கேட்க மாட்டார்கள். ஊர் தன் பங்குக்கு ஒரு கணக்குச் சொன்னது. நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டாராம், மெல்ல மெல்லப் போடுவதாகச் சத்தியம் செய்தாராம். எந்தக் கதையை நம்புவது? பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவைத் தனியாகப் பிடித்து, "எவ்வளவுக்குப்பா ஒத்துக்கிட்ட?" என்று கேட்பேன். "துண்டுக்குள்ள பேசினதக் கேக்காதடி" என்பார். அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகக் கிடந்தது. என் அப்பாவை அழ வைத்த கை இது என்று நினைத்துக்கொண்டேதான் மாமனாருக்குச் சோறு போடுவேன்.

கொடுமை என்னவென்றால், அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை. ஞாயிறு மதியம் வாடகைக்கு வீடியோ டெக்கும் கேசட்டும் எடுத்து வருவோம். "தாதா படம் இருந்தா எடுத்தாடா" என்று மகனுக்குக் கட்டளை போடுவார். என் கணவருக்கு அந்தப் படங்களே பிடிக்காது. நானும் மாமனாரும்தான் ஜோடி. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு, இருமல் வருகிற வரை சிரிப்பார். "இவன் எந்த ஊரு தாதாம்மா? நாங்க எல்லாம் மாட்டு வண்டியில போனோம், இவன் இந்த மாதிரிக் காருல போறான்!" என்பார். மருமகள் முன்னால் பெரிய தாதா செருப்பைக் கழற்றுகிற இடம் வந்தால் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னா, நானும் கழட்டணுமா?" என்று கேட்பார். வீட்டுக்குள் என்றைக்குச் செருப்புப் போட்டார் அவர்!

ஆனால் அடிதடி வந்தால் எழுந்து போய்விடுவார். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்பார், படத்தில் சண்டை ஓய்கிற வரை வர மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சந்தையில் ஒரு டீக்கடைக்காரர் இருந்தார், வலது முழங்கை வளையாது. அரிசி வண்டிக் காலத்தில் இவர்கள் அடித்தது. மாமனார் சந்தை நாளில் அவர் கடையில்தான் டீ குடிப்பார். கடைக்காரர் டம்ளரை வைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். "சினிமாவுல அடி வாங்கினவன் அடுத்த பாட்டுல டான்ஸ் ஆடறான்மா" என்றார் மாமனார். "நாங்க அடிச்சவன் இடது கையில டீ ஆத்தறான்." அந்தப் படங்களை நான் இன்றும் ரசிக்கிறேன், ஆனால் அந்த முழங்கையை மறந்துவிட்டு ரசிக்க முடிவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை நேரத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாசலில் கிடத்தியிருந்தோம். மார்பின் மேல் அந்தத் துண்டைப் போட்டிருந்தார்கள். செய்தி கேட்டு அப்பா வந்தார். மாலை போட்டார். எல்லோரும் போல நகர்ந்து போகாமல் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். துண்டுக்குள் கையை விட்டு மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைமாட்டில் இருந்த பெரியவர், மாமனாரின் அண்ணன், அதைப் பார்த்தார். அழுத குரலிலேயே, "என்னா சம்மந்தி, பேரம் இன்னும் பாக்கி இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அன்னிக்கே முடிஞ்சுது" என்றார் அப்பா. கையை எடுக்காமலே சொன்னார். "இனிமே சொன்னா அவரு கோச்சுக்க மாட்டாரு. அன்னிக்கு அவரு எந்த வெரலையும் புடிக்கலீங்க. உள்ளங்கை மேல உள்ளங்கைய வச்சாரு. என் கை நடுங்கிட்டு இருந்துது. நடுக்கம் நிக்கற வரைக்கும் சும்மா புடிச்சிகிட்டு இருந்தாரு. அவ்ளோதாங்க நாங்க பேசினது."

பெரியவர் தம்பியின் முகத்தையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா திருட்டுப் பய பண்ணின வேலைய! செக்போஸ்ட்ட ஏமாத்தினவன் என்னையும் ஏமாத்தி உன்னக் கொண்டாந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அத்தனை வருஷம் சந்தேகத்தோடு சோறு போட்டேனே என்று நானும் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அந்த அண்ணன் முன்னால் நானும் அப்பாவும் தலை குனிந்திருப்போம். அது தெரிந்துதான் அவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. எந்தப் படத்திலும் எந்தத் தாதாவும் இப்படி ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

இன்று காலை துண்டை அலசிக் காயப்போட்டு, மடித்து என் கணவரிடம் கொடுத்தேன். அவர் ஆயுசு முழுக்க மெஷினோடு இருந்தவர். சந்தைப் பக்கம் போனதே இல்லை.

"உங்களுக்குத்தான் வெரல் கணக்கு ஒண்ணும் தெரியாதே?" என்றேன்.

துண்டைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு அது எதுக்கு?" என்றார்.