மினோரிக்குச் சொல்லாத ஒரு வசனம்

மொன்றியலுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை சுகந்தியின் மகள் அபிஷாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் உயிரை விடும் ஜப்பானியப் பாட்டுக் குழு ஒன்று, ஐந்து இளம்பெண்கள், வைகாசியில் ஒரு சனிக்கிழமை அங்கே பாட வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் வரவேண்டும் என்பது விதி. சுகந்திக்கு அன்று உணவகச் சமையலறையில் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கு லீவு கேட்க ஆளில்லை. வெளிக்கிட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் ஏறத்தாழ 540 கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமையே போய்விட்டேன், அதே நாளில் போய் இறங்கி இசை நிகழ்ச்சிக்கு ஓடுவது என் வயதுக்குச் சரிவராது. செயின்ட்-மிஷேலில் தங்கை வீடு. அங்கிருந்து டவுன்டவுனுக்கு மெட்ரோவில் நீலம், செம்மஞ்சள், பச்சை என்று மூன்று பாதைகள் மாறவேண்டும். முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

மெட்ரோவில் எனக்குப் பாடம் நடந்தது. குழுவிலே ஒவ்வொரு பாடகிக்கும் ஒரு நிறம். பார்ப்பவர்கள் கையில் நிறம் மாற்றக்கூடிய விளக்குத் தடி. நம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் இல்லத்துக்கு இல்லம் கொடி பிடிப்போமே, அப்படி. அபிஷாவின் பாடகி மினோரி, நிறம் பச்சை. இந்தச் சுற்றுப்பயணத்தோடு மினோரி குழுவை விட்டுப் போகிறாள். நிகழ்ச்சி முடிந்ததும் ஐவரும் வாசலருகே வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் அவர்களைக் கடந்து வெளியே போகலாம்.

"கை குடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"தொடக்கூடாது பெரியம்மா. கை காட்டி ஒரு வசனம் சொல்லலாம். நான் ஜப்பானீசில பாடமாக்கி வச்சிருக்கிறன்."

"ஒரு வசனத்துக்கோ இவ்வளவு பாடு?"

"நீங்கள் கனடாவிலயிருந்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போனனீங்கள்தானே? சாமி உங்களோட ஒரு வசனமாவது கதைச்சதோ?"

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் சிரித்தே விட்டார்.

மண்டபத்துக்கு வெளியே ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்றோம். உள்ளே சுவரெல்லாம் கைப்பேசிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. படம் பிடிக்கக் கூடாது என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் அறிவித்தார்கள். அபிஷா என் காதில் தமிழிலும் ஒருமுறை சொன்னாள்.

ஆனால் காலையில் சுகந்தி, "அக்கா, ஒரு பாட்டெண்டாலும் எடுத்து அனுப்புங்கோ, நான் பிறேக்கில பாப்பன்" என்று சொல்லியிருந்தாள். நம் அரங்கேற்றங்களிலும் இதே அறிவித்தல் வரும். அறிவித்தவரே மேடையால் இறங்கி முன்வரிசையில் நின்று வீடியோ எடுப்பார். அந்தப் பழக்கம்தான் எனக்கும். அறிவித்தல் மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக்கு முதல் பாட்டில் மினோரி தனியே முன்னால் வந்தாள். ஒரு நொடியில் மண்டபம் முழுக்கப் பச்சையானது. ஆயிரம் பிள்ளைகள், ஒருவர்கூடக் கைப்பேசியை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன்.

கறுப்பு மேற்சட்டை போட்ட ஒரு பெண் வந்து மெல்லத் தோளைத் தொட்டாள். வெளியே வரச் சொன்னாள். பரீட்சை மண்டபத்தில் துண்டுத்தாள் வைத்திருந்த பிள்ளைகளை நானும் இப்படித்தான், சத்தமில்லாமல், எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வீடியோவை அவள் முன்னாலேயே அழித்தேன். இனி உள்ளே போகமுடியாது, பாடகிகள் நிற்கும் வாசலாலும் போகமுடியாது என்றாள். அபிஷா பிரெஞ்சில் கெஞ்சினாள்; எனக்கு விளங்கியது "பார்தோன்" என்ற ஒரு சொல்தான். எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே விடவும் வழியில்லை. பதினான்கு ஆகவில்லையே.

நடைபாதையில் நின்றோம். மூடிய கதவுக்குப் பின்னால் பாட்டுக் கேட்டது. அபிஷா கதவைப் பார்த்தபடி பச்சை விளக்கைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள், பாட்டு முடியுமட்டும். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

மெட்ரோவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் சொன்னனான்தானே, பெரியம்மா?"

"ஓம்" என்றேன்.

வீட்டில் சுகந்தி வேலை உடுப்போடே காத்திருந்தாள். "எங்க அக்கா வீடியோ?"

நான் வாய் திறக்க முதல் அபிஷா சொன்னாள்: "எடுக்க விடமாட்டினம் அம்மா. பெரியம்மா ரூல்ஸ் எண்டால் ரூல்ஸ்."

"உவ பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான்" என்று சுகந்தி சிரித்தாள். "மினோரியைக் கண்டனியோ?"

"கண்டன். கை காட்டினவ."

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். அடுத்த நாள் பஸ் ஏறும்வரை உண்மையைச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே உணவு கொண்டுபோக விடமாட்டார்கள். இருக்கை இருந்தாலும் யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் நல்ல சப்பாத்துப் போடுங்கள். விளக்குத் தடிக்கு மாற்று பற்றரி வையுங்கள். கைப்பேசியை நிறுத்தி, கூட்டிப்போகும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அந்த மண்டபத்தில் விதி தெரிந்த பெரியவர் அந்தப் பிள்ளைதான்.

இதை எழுதிப் போடலாமா என்று அபிஷாவைக் கேட்டேன். "உங்கட விருப்பம்" என்றாள். பிறகு சுகந்திக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வசனத்தை அவள் குளிக்கேக்கயும் சொல்லிச் சொல்லிப் பாத்தவள், அக்கா" என்றாள்.