அக்கா சேர்த்த நாலு வரி

ஷாரோன் அக்காவுக்குத் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்க்கரை 143 என்று மெஷின் காட்டினால் 143தான் எழுதுவார். தெரிந்தவர்கள் கெஞ்சினாலும் ஒரு புள்ளி குறைக்கமாட்டார். அப்படிப்பட்டவரிடம்தான் அவர்கள் சபையின் மாதப் பத்திரிகையில் சாட்சிப் பக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். குடியை விட்டவர், நோயிலிருந்து எழுந்தவர் என்று மாதம் ஒருவர், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்வார். அக்கா நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதியதைச் சொன்னவர் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டி, அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் எங்கள் அச்சகத்துக்குக் கொண்டுவருவார். எட்டு வருஷமாக இதே முறைதான்.

நான் கோமதிசங்கர், அந்தப் பத்திரிகைக்கு லேஅவுட் போடுபவன். கும்பிடுவது வேறு சாமி என்றாலும், எட்டு வருஷச் சாட்சிகளையும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சபைக்காரர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை, அவ்வளவு சப்பென்று இருக்கும். காய்ச்சல் வந்தது, ஜெபித்தோம், பதினொரு நாளில் குணமானது. அந்தப் பதினொரு நாளில் மட்டும் தப்பே இருக்காது.

போன வருஷம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிய நேரத்தில் பத்திரிகைக் கமிட்டியில் பேச்சு வந்தது. யாரும் வாசிக்காத பக்கம் எதற்கு, அந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்துப் போடலாமே என்றார்கள். அக்கா ஆடிப்போய்விட்டார். பாட வராது, மேடையில் பேச வராது, ஆண்டவருக்கென்று தான் செய்வது இந்த ஒரு பக்கம்தான் என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மாதத்துச் சாட்சி சுடலைராஜ். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய் மசாஜ் செய்பவர். ஒன்பது வருஷம் குடித்து, சபைக்கு வந்த பிறகு குடியை விட்டவர். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, "படுத்துருவேன்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் அதையே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னக்கா இது? குடிச்சான், படுத்தான், விட்டான். இத வாசிச்சு எந்தக் குடிகாரன் திருந்துவான்?" என்றேன்.

"அவரு சொன்னது அவ்வளவுதான், சங்கர்."

"கொஞ்சம் ஒறப்புப் போட்டா என்ன? இல்லன்னா அடுத்த மாசம் நான் குறுக்கெழுத்துக்குக் கட்டம்தான் போடணும்."

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே சனங்களுக்குக் கதையாத்தான் சொன்னாரு" என்று மெதுவாகச் சொன்னார்.

"அவரு யாரு பேரையும் ஊரையும் போடலயே" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் அன்றைக்குப் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சாட்சி நாலு வரி கூடி வந்தது. சுடலைராஜ் கதவை உதைத்தார், சோற்றுப் பானையைத் தூக்கி எறிந்தார், மனைவி மாரித்தாயை அடித்தார், அவள் சாரலில் நனைந்தபடி வாசலில் நின்று அழுதாள். சனி, ஞாயிறு குற்றாலத்தில் நல்ல கூட்டம். சுடலைராஜுக்குத் தலை நிமிர நேரமில்லை. வாசித்துக் காட்டாமலே பக்கம் அச்சுக்குப் போனது.

அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் போய், இன்னும் முந்நூறு பிரதி அடிக்கச் சொன்னார்கள். குறுக்கெழுத்துப் பேச்சு அதோடு நின்றது. அச்சன்புதூரிலிருந்து ஒரு பெண் அக்காவுக்குப் போன் செய்து, இதை வாசித்ததிலிருந்து தன் புருஷன் மூன்று வாரமாகக் கை ஓங்கவில்லை என்று அழுதாராம். அக்காவுக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. "இது கர்த்தர் செஞ்சதா, என் பொய் செஞ்சதா?" என்று என்னிடம் கேட்டார். அதுவும் வேறு சாமி கும்பிடுகிற என்னிடம்.

மனசு கேட்காமல், மன்னிப்புக் கேட்கக் குற்றாலத்துக்கே போனார். சுடலைராஜ் எண்ணெய்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய அக்கா. அடிச்சிருப்பேன்" என்றார்.

"நீங்க சொல்லலயே அண்ணாச்சி. அது நானா எழுதுனது."

"குடிச்சவனுக்கு என்ன நெனவு இருக்கும்? நான் மறந்தத உங்க மூலமா கர்த்தர் எழுதிக் காட்டிட்டாரு."

கண்ணைத் துடைக்கப் போய் எண்ணெய்க் கையைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு அவதிப்பட்டார். அக்கா குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, வந்த வேலை முடியாமலே திரும்பினார். அடுத்த ஞாயிறு சுடலைராஜ் சபையில் எழுந்து, மனைவியை அடித்த பாவி நான் என்று அறிக்கை செய்தார். தனக்கு நினைவில்லாததைச் சொல்லி ஒரு மனிதர் அப்படி அழ முடியுமா என்று அக்கா என்னைக் கேட்டார். ஒருவேளை உண்மையிலேயே அடித்திருப்பாரோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

மாரித்தாய் பரிசோதனை நிலையத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போயிருக்கிறார்.

"கீழப்பாவூர்லருந்து எங்கண்ணன் வந்திருக்கான். போலீஸ்ல இருக்கான். என்னயக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். அடிக்கலண்ணேன்னு சொன்னா, அடி வாங்குனவ எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொல்லுதான்."

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாரித்தாய் விடவில்லை.

"ஒம்பது வருசம் குடிச்சாரு. இருந்தத எல்லாம் அழிச்சாரு. ஆனா ஒரு நாளு கை ஓங்குனதில்ல. எங்க தெருவுல அடி வாங்காத பொம்பள நான் ஒருத்திதான். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதயும் எழுதி எடுத்துட்டியளே."

அக்கா அழுதுவிட்டார். மாரித்தாய் அழவில்லை.

"ஞாயித்துக்கெழம எங்கண்ணனக் கூட்டிட்டு வாரேன். எல்லாரு முன்னாலயும் நீங்க சொல்லணும். அவன் காதுல கேட்டாத்தான் என்னய விடுவான். இல்லன்னா நான் அவன்கூடப் போகவேண்டியதுதான்."

அந்த ஞாயிறு சபைக்கு என்னையும் வரச் சொன்னார் அக்கா. ஒறப்புப் போடச் சொன்ன வாய் என்னுடையது. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மாரித்தாயின் அண்ணன் எனக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா எழுந்தார். ரிசல்ட் வாசிக்கிற குரலிலேயே சொன்னார். "ஜூலை மாசச் சாட்சியில அடிச்சாருன்னு வர்ற நாலு வரி பொய். அவரு சொல்லல. நான் சேத்தது. எல்லாரும் மன்னிக்கணும்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். சபையில் சலசலப்பு. அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து சுடலைராஜ் எழுந்தார்.

"என் பேரக் காப்பாத்த அக்கா பழியத் தன் தலையில போட்டுக்கிடுதாங்க. வேண்டாம்க்கா. நான்தான் பாவி. நான்தான் அடிச்சேன்."

குரல் உடைந்து அழுதார். அங்கங்கே 'ஸ்தோத்திரம்' என்றார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தாழ்மை சிஸ்டர் உங்களுக்கு" என்றார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு வருஷத்தில் அக்கா சொன்ன எந்த உண்மைக்கும் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. இந்த உண்மையை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

பெண்கள் பக்கத்தில் மாரித்தாய் எழுந்து நின்றார்.

"இத்தன பேரு அழுதியளே. அடிச்சாரான்னு ஒருத்தராவது என்னயக் கேட்டியளா?"

அக்கா கேட்டதில்லை. அக்காவைக் கிண்டல் செய்த நானும் கேட்டதில்லை. இப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று மாரித்தாய் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

எல்லோரும் எழுந்து பாடத் தொடங்கினார்கள். அண்ணன் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தங்கைக்காகக் காத்து நின்றார். இரண்டாம் சரணம் பாடும்போது மாரித்தாய் வரிசையிலிருந்து விலகி, அவர் பின்னால் போய்விட்டார். அக்கா அதைப் பார்த்தார், பாடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. சுடலைராஜ் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.