தங்கராசு அண்ணன் முன்னால் இருந்த ரெண்டு கிளாஸ்

தங்கராசு அண்ணன் போயிட்டாராம். காலையில் அவர் ஊர் அரும்பாவூரிலிருந்து போன்... நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள், "யாரு, அந்தக் குடிகாரரா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். சீ, போதும். இங்கே எழுதிவிடுகிறேன்.

2005 இருக்கும். பெரம்பலூரில் ஒரு விதைக் கம்பெனியில் அவரும் நானும் சேல்ஸ். சனிக்கிழமை திருச்சியில் மீட்டிங், மூன்று மணிக்கு முடியும். நாலு மணிக்கு பார்களில் ஹேப்பி ஹவர்.

பெரம்பலூரில் குடித்தால் பக்கத்து ஊர் குன்னம் வரைக்கும் தெரிந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் திருச்சிக்குப் போய்க் குடிப்பார்கள். மற்றவனும் அங்கேதான் வருவான் என்று ஒருத்தனுக்கும் தோன்றாது! எனக்கும் தோன்றவில்லை. வாரம் ஒரு பார் என்று சுற்றினேன்.

அண்ணனும் கூடவே வருவார், ஆனால் ஒரு சொட்டு தொடமாட்டார். பன்னீர் சோடாவும் சுண்டலும்தான். சுண்டலை வைத்தே பாருக்கு மார்க் போடுவார். "தேங்காயே போடலடா, அடுத்த வாரம் வேற எடம்." திரும்பும்போது பைக் ஓட்டுவதும் அவர்தான்.

அந்த மாதம்தான் அரியலூரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா குடித்தே செத்தவர். அவர்களுக்கு ஒரே கண்டிஷன், மாப்பிள்ளை குடிக்கக்கூடாது. "தொட்டதே இல்லைங்க" என்று கூசாமல் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ. ரெண்டையும் ஒன்றாகவே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஒன்று முடிந்து அடுத்ததில் பாதி... கதவைத் திறந்துகொண்டு பெண்ணின் பெரியப்பா உள்ளே வருகிறார்.

அவரும் குடிக்கத்தான் வந்தார். ஆனால் அவர் பெண் வீட்டுக்காரர் ஆச்சே, அவரை யார் கேட்பது? கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

அண்ணன் என் ரெண்டு கிளாஸையும் தன் பக்கம் இழுத்தார். சோடாவை என் முன்னால் தள்ளினார். மிச்சமிருந்த பாதியை என் சட்டையில் கொட்டினார்.

"ஐயய்யோ... தம்பி மேல கொட்டிட்டனே! என்னைக் கூட்டிட்டுப் போவத்தாங்க வந்துச்சு. தங்கமான புள்ளைங்க..."

பெரியப்பா முகம் சுளித்தார். "மாப்ள, இந்தாளைப் புடிச்சு வண்டில ஏத்துங்க. இந்த சகவாசமே வேணாம் உங்களுக்கு."

சொன்னதோடு விட்டாரா? வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். 'குடித்த' அண்ணன் பின்னால், குடித்த நான் முன்னால்! கிளட்சை விட்டதும் வண்டி குதித்தது. ஒரு ஆட்டோவை உரசப் பார்த்தேன். அண்ணன் என் தோளில் சாய்ந்து ஆடிக்கொண்டே காதுக்குள் சொன்னார், "நேரா பாருடா... பிரேக்கப் புடி... மெதுவா..."

திருப்பம் தாண்டியதும் இறங்கி என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அவரே ஓட்டினார். பெரம்பலூரில் இறங்கும்போது, "இனிமே தொட்டீன்னா நானே போயி சொல்லிருவேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் தொடவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. மண்டப வாசலிலேயே பெரியப்பா மறித்தது மேடையிலிருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து மாலையைச் சரிசெய்தேன்.

சாப்பிடாமலே பஸ் ஏறிப் போனார். லீவு முடிந்து ஆபீஸ் போனால் சிரித்துக்கொண்டே கேட்கிறார், "பந்தில பாயசம் எப்புடிடா?" நல்லா இருந்துச்சுண்ணே என்றேன். பாவி நான்.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

இதை மனைவியும் படிப்பாள், அவள் வீட்டு ஆட்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அந்த ரெண்டு கிளாஸும் என்னுடையது. அவர் குடித்தது பன்னீர் சோடா.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். அரும்பாவூர் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வந்துகிட்டே இருக்கேண்ணே.