கூம்பில் வராத ஒலி

பதினோரு ஆண்டுகள் பேஸ் கிடார் வாசித்தேன். அதை யாரும் கேட்டதில்லை. இதில் மிகை எதுவும் இல்லை. காரணம் பௌதிகம்.

எழுபதுகளில் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் மைக் செட்டுக்காரர்கள் கம்பங்களில் கட்டியவை கூம்பு ஒலிபெருக்கிகள். மனிதக் குரலை அவை ஊர் எல்லைவரை கொண்டுபோகும். ஆனால் அந்தக் கூம்பின் வாய் வழியாக, நொடிக்கு ஏறத்தாழ முந்நூறு அதிர்வுகளுக்குக் கீழான எதுவும் உருப்படியாக வெளியே வராது. என் வாத்தியத்தின் வேலை முழுவதும் அதற்குக் கீழே நடந்தது. நானே மரப்பலகை அறுத்துச் செய்த பெட்டியும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரும் என்னிடம் இருந்தன. அவற்றின் ஒலி மேடையைத் தாண்டி நாலைந்து வரிசை போகும்; டிரம்ஸ் சத்தத்தில் அது எனக்கே தெளிவாக விழாது. அந்த வரிசைகளில் சிறுபிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருக்கும்.

நான் உத்திரமேரூரில் மேல்நிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியர். எங்கள் மெல்லிசைக் குழுவில் ஏழு பேர். கோயில் திருவிழாக்களும் கல்யாண வரவேற்புகளும் எங்கள் மேடைகள். பௌதிகம் தெரிந்திருந்தும் மைக் செட்டுக்காரரிடம் நான் ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறையாவது மன்றாடுவதுண்டு. திருமுக்கூடலில், நிகழ்ச்சிக்கு முன் வெயில் தாழ்ந்திருந்த நேரத்தில் நடந்தது நினைவிருக்கிறது.

"பெட்டிக்கு முன்னாடி ஒரே ஒரு மைக் வைங்க. ஒரு பாட்டுக்கு மட்டும்" என்றேன்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா சார். வெச்சா இன்னா ஆவும்? உள்ள கீற யூனிட் கிழிஞ்சி பூடும். அப்பறம் பாடறவரு வாயத் தொறந்துக்கினு சும்மா நிப்பாரு. நீங்க வாத்தியாரு, இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே கேக்கறாரு பாரு."

டிரம்ஸ் வாசிப்பவர் தோலின் திருகுகளை முறுக்கியபடியே சொன்னார்: "வுடுப்பா. சாரு கம்பியப் புடிச்சிக்கினு நின்னாத்தான் மேட நெறவா கீது. கல்யாணத்துல மாப்ளத் தோழன் நிக்கல? அவன் இன்னா தாலியா கட்றான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மைக் செட்டுக்காரர் சொன்னது சரியே. ஒலிபெருக்கியின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அத்தனை பெரிய அசைவைத் தாங்காது.

என் மனைவி திருப்புலிவனத்தில் நடந்த நிகழ்ச்சிக்குத் தன் உறவுப் பெண்களுடன் வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில், கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"நானும் பாத்துக்கினே இருந்தேன். உங்க விரலு ஓடுது. சத்தம் மட்டும் எங்க போவுதுன்னு தெரியல."

அதிர்வெண் பற்றி விளக்கினேன். வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தரும் உங்களக் கேட்டதே இல்ல."

"இல்ல."

"கேட்டா தெரியும் அவங்களுக்கு" என்றாள்.

அவளும் கேட்டதில்லை. ஆயினும் அன்றுமுதல் அது அவளுக்கு ஒரு முடிந்த விஷயமாகிவிட்டது. தன் கணவர் பெரிய வாத்தியக்காரர், இந்த ஊரின் கூம்புகள் அவரை மறைத்து வைத்திருக்கின்றன. நான் அதை மறுக்கவில்லை. எனக்கும் அதுவே நம்பிக்கையாக இருந்தது.

நாங்கள் வாழ்ந்தது அவள் தந்தையின் வீட்டில். அவள் ஒரே மகள். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதித்துத்தான் திருமணம் நடந்தது. சில ஆண்டுகளில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. எதுவும் வேண்டுமென்றால் இடக்கையால் பித்தளைச் சொம்பைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். பள்ளியிலிருந்து திரும்பியதும் நான் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பேன். அறுவடைக் காலத்தில் களத்துக்கும் போவேன். பள்ளி, கட்டில், களம் என்ற மூன்றுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அந்த நான்கு கம்பி வாத்தியம் ஒன்றே. அதன் பராமரிப்பை நான் எவரிடமும் விட்டதில்லை. புதுக் கம்பி வாங்க மெட்ராஸுக்குத்தான் போகவேண்டும் என்பதால் பழைய கம்பிகளைக் கழற்றி, கொதிநீரில் போட்டு அழுக்கெடுத்து மறுபடி மாட்டுவேன். அதற்கென்று என் மனைவி ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள்.

ஒரு கோடையில் கிடாரின் பிரிட்ஜ், அதாவது உடலின் அடிப்பாகத்தில் கம்பிகள் ஏறி நிற்கும் இரும்புத் தகடு, பெயர்ந்து வந்தது. திருகாணி பிடித்திருந்த துளைகள் தேய்ந்து தளர்ந்திருந்தன. தகட்டைக் கால் அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் புதுத் துளையிட்டு இறுக்கினேன். முன்னைவிட உறுதியாக நின்றது. அதே வாரம் பள்ளி ஆய்வகத்தில் சுரமானியை மேசைமேல் வைத்து, கம்பியின் நீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை மாணவர்களுக்கு விளக்கினேன் என்பதையும் இங்கே எழுதவேண்டும்.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டார். எங்கள் பாடகர் தமக்குத் தெரிந்தவர் மூலம் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்து வாசித்துக் காட்டும்படி குழுத் தலைவர் எழுதியிருந்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நான் மெட்ராஸுக்குப் போய்விடலாம். ஆசிரியர் வேலை அங்கும் கிடைக்கும். கார்டைப் படித்துவிட்டு அவளிடம் நீட்டினேன்.

"போயிட்டு வாங்க."

"மாமா?"

"நைனாவ நான் பாத்துக்கறேன். எடுத்துக்கிட்டாங்கன்னா அங்க ரூம் எடுத்துத் தங்குங்க. சனி ஞாயிறு வந்து போனா போதும். ஒரு தடவயாவது நாலு பேரு உங்களக் கேக்கட்டும்."

ஒத்திகை நடந்த இடம் ஒரு பங்களாவின் பின்கட்டு. அங்கே ஆளுயரத்துக்கு இரண்டு பெட்டி ஒலிபெருக்கிகள் நின்றன. என் வயரைச் சொருகி, மேல்கம்பியை எங்கும் அழுத்தாமல் ஒருமுறை மீட்டினேன். தரை வழியாக அது என் பாதங்களுக்கு வந்தது. பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக நான் என்னைக் கேட்டேன்.

பிறகு கிடாரின் கழுத்தில் மேலேறி வாசித்தேன். ஆர்கன் வாசித்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். குழுத் தலைவர் பாட்டை நிறுத்தாமல் என்னருகே வந்து நின்று கேட்டார். முடிந்ததும் கம்பிகளை அழுத்தாமல் ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னார். சரியாக இருந்தன. நடுக்கழுத்தில் அழுத்தி மீட்டச் சொன்னார். சுருதி இறங்கியிருந்தது. மேலே போகப்போக இன்னும் இறங்கியது.

"பிரிட்ஜ மாத்தினது யாரு சார்?"

"நான்தான்."

அவர் தங்கள் கிடாரை எடுத்துக் கொடுத்தார். சுருதி சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் மற்றொன்று தெரிந்தது. நான் தாளத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் அப்படியே ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிகள் அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லின.

"ஸ்டேஜ்ல பாட்ட எதுல கேப்பீங்க?" என்று கேட்டார்.

"கம்பத்துல கட்டின ஸ்பீக்கர்லதான். எங்களுக்குன்னு தனியா எதுவும் இருக்காது."

அவர் தலையசைத்தார். "அது வந்து சேர்றதுக்குள்ள பாட்டு போயிடுது சார். போனதுக்கப்புறம் வாசிச்சே பழகிட்டீங்க."

முப்பது மீட்டர் தொலைவிலிருந்து ஒலி வந்துசேர ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் போடுகிறவன் நான்.

"இது பழக்கம்தான். ஆறு மாசம் ரிகர்சலுக்கு மட்டும் வாங்க. டிரம்ஸ்காரரோட உக்காந்து வாசிச்சா போயிடும். மேடைக்கு அப்பறம் பாத்துக்கலாம். உங்க விரல் நல்ல விரல் சார்" என்றார்.

அவர் சொன்னதில் இளக்காரம் துளியும் இல்லை. ஆறு மாதம் என்பதும் நியாயமான காலம். ஆனால் எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. முதுகலைப் பட்டம் பெற்றவன். அங்கிருந்தவர்களில் பலர் என்னைவிட இளையவர்கள். அவர்கள் முன் ஆறு மாதம் தவறு செய்துகொண்டு உட்கார என்னால் முடியாது என்பது எனக்கு அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியே வந்தேன். செங்கல்பட்டைத் தாண்டும்போது வீட்டில் சொல்லவேண்டிய வாக்கியம் உருவாகியிருந்தது.

அவள் தன் தந்தைக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"எடுத்துக்கறோம்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். மாமாவ இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிப் போறது."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நல்லா கீதுன்னு சொன்னாங்களா?"

"ம்."

அன்று மாலையே அவள் தன் தந்தையிடம் சொல்லிவிட்டாள். நான் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கக் குனிந்தபோது அவர் தம் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள" என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

அந்தப் பொய்யைப் பிறகு நான் பராமரிக்கவேண்டியிருந்தது. பிரிட்ஜைப் பழைய இடத்திலேயே திரும்பப் பொருத்தினேன். பழைய துளைகளில் மரச்சீவல் அடைத்துத் திருகினேன். சுருதி சரியாயிற்று. தாளம் ஆகவில்லை. இனி வாசிக்கவேண்டாம் என்று தோன்றியது. ஆனால் எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று அவள் நினைத்ததால் விடவும் முடியவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவளே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள். இடையில் களத்து வேலை இருந்தால் வேறு ஆளை அனுப்புவாள். கூம்புகளுக்குப் பின்னால் நின்று, எத்தனை பிந்துகிறேன் என்று தெரிந்தே வாசித்தேன்.

வீட்டில் என் கோபத்துக்கு மறுசொல் இல்லாமல் போயிற்று. சாம்பாரில் உப்பு கூடியது போன்ற அற்பக் காரணத்துக்கு நான் குரல் உயர்த்தினாலும் அவள் பேசாமல் இருந்துவிடுவாள். அதற்கு முன் அப்படிப்பட்டவள் அல்லள்; ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள். என் கோபம் வேறெங்கிருந்தோ வருகிறது, அதற்குக் காரணம் தன் வீடு என்று எண்ணினாள். அந்த மௌனத்தை நான் பயன்படுத்திக்கொண்ட நாள்களும் உண்டு.

இரண்டு ஆண்டுகளில் மாமனார் இறந்தார். காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். பள்ளியிலிருந்து திரும்பிய என்னிடம் அவள் ஓர் உறையைக் கொடுத்தாள். அவள் பெயருக்கு மெட்ராஸிலிருந்து வந்த கடிதம். எனக்குத் தெரியாமல் அவளே குழுத் தலைவருக்கு எழுதியிருந்தாள். என் கணவர் அப்போது மறுத்தது என் தகப்பனாருக்காக, இப்போது அவர் இல்லை, தயவுசெய்து மறுபடி அழைக்கவேண்டும் என்று எழுதியதாகச் சொன்னாள்.

உறையைப் பிரிக்கும்போது, எல்லாம் வெளிவந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருவகை ஆறுதலும் இருந்தது. ஆனால் கடிதத்தில் நாலு வரிதான். உங்கள் கணவர்மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அன்று அவர் எங்களோடு சேராமல் போனது எங்களுக்கும் குறையே. தற்சமயம் இடம் காலியில்லை. காலியானால் அவசியம் எழுதுகிறோம். ஒரே ஒரு பிற்பகல் என்னைப் பார்த்த அந்த மனிதர், அவள் எழுதிய வரிகளிலிருந்தே நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்பதைப் புரிந்துகொண்டு அதைக் காப்பாற்றியிருந்தார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நைனா ரெண்டு வருசம் முன்னாடியே போயிருந்தா..." என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தன் காதில் விழுந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பு முன் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் மூன்று வாக்கியங்கள் சொல்லியிருந்தால் போதும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், மூன்றே வாக்கியங்கள். கடிதத்தை மடித்து உறையில் இட்டு மாடத்தில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் வாழ்ந்தாள். பிள்ளைகளை வளர்த்தோம். நிலத்தில் பாதியை விற்றோம். கிடாரை ஒரு கட்டத்தில் பரணில் போட்டுவிட்டேன். அப்போதும் அவள் எதுவும் கேட்கவில்லை. மகள்களிடம் மட்டும் எப்போதாவது சொல்வாள்: "உங்க தாத்தாவுக்காகத்தான் உங்கப்பா எல்லாத்தயும் வுட்டாரு." அவர்கள் என்னை மதிப்புடன் பார்ப்பார்கள். நான் செய்தித்தாளைப் புரட்டுவேன்.

சென்ற ஐப்பசியில் அவளைக் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"நைனாவால உங்க வாழ்க்க இங்கயே நின்னு போச்சி. என் மேல உங்களுக்கு வருத்தம் கீதா?"

"இல்ல" என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் திரும்பி வர அரைமணி நேரம் ஆயிற்று. அதன் பின்னும் அவள் இரண்டு நாள் நினைவோடு இருந்தாள். அந்த இரண்டு நாளும் நான் அருகிலேயே இருந்தேன். சொல்லவில்லை.