இடது கரையில் யாரும் இல்லை

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறியில் கை வைக்க மாட்டார்கள். அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுவதும் காத்திருப்பவர் என் அண்ணன். பழைய கார் ஒன்றை வாங்கியதிலிருந்து அமாவாசை என்றால் அவருக்குப் போர்க்களம். புள்ளலூரில் வயல்களுக்கு நடுவே நிற்கும் கல்தூண்கள், ஆற்காட்டில் மிச்சமிருக்கும் கோட்டை வாசல், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள். யாரோ யாரையோ வென்ற இடத்தில், எதுவோ வேறொன்றாக மாறிய இடத்தில், அவர் போய் நிற்க வேண்டும். நின்றுவிட்டு ஒரு டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன மார்கழியில் ஒரு காலை அவருக்குப் பேச்சு குழறியது. தலையில் ரத்த ஓட்டம் அடைத்துக்கொண்டது என்றார்கள். சில நாள் ஆஸ்பத்திரி, பிறகு மாத்திரைகள், பிறகு மறுபடியும் தறி. கைகால் நன்றாகவே இருந்தன. எல்லோரும் சாமி கும்பிட்டுவிட்டு மறந்தார்கள். எனக்கு மறக்க வராது. போன் அடித்தால், அதை எடுப்பதற்குள்ளாகவே கெட்ட செய்தி முழுவதையும் மனதுக்குள் கேட்டு முடித்துவிடுகிற ஆள் நான்.

மாசி அமாவாசைக்கு வந்தவாசி, செஞ்சி என்றார் அண்ணன். "நீயும் வாம்மா. நாலு எழுத்து எழுதுறவ, ஊட்லயே உக்காந்துக்கினு என்னாத்த எழுதுவ?"

காலையில் சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வேப்பமரத்தடியில் கார். அண்ணி ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கதவைத் திறந்தார்.

"எறங்கு. நாத்தனார பின்னாடி உக்கார வெச்சி இட்டுக்கினு போவியா? தெருவுல பாக்கறவங்க என்னா சொல்வாங்க?"

அண்ணி உடனே இறங்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்றேன், அண்ணன் கேட்கவில்லை. கடைசியில் அண்ணி இறங்கி எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். மரியாதைதான். அந்த மரியாதையால் நாங்கள் மூன்று பேரும் செத்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

செவிலிமேட்டுப் பாலம். கீழே பாலாறு, மணலும் கோரையுமாக. பாலத்தை விட்டு இறங்கும்போது கார் இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. சாலையோரம் இளநீர் சைக்கிள் ஒன்று நின்றிருந்தது. எனக்குப் பின்னாலிருந்து அண்ணி "ம்" என்றாள், கொஞ்சம் தாமதமாக. இடப்பக்கத்துக் கண்ணாடி இளநீர்க் குலையில் பட்டு மடங்கிக்கொண்டது. நான் காலை பிரேக் இல்லாத இடத்தில் அழுத்தினேன்.

"ஒண்ணும் ஆவலம்மா. தானா மடங்கிச்சி, தானா நிமிரும்," என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் தூசி என்ற ஊர் வரையிலும், மாமண்டூர் ஏரிக்கரை நெடுகவும், அண்ணி என் சீட்டுக்கும் கதவுக்கும் இடையில் முகத்தை நுழைத்தபடியே வந்தாள். அவ்வப்போது ஒரு "ம்". தொண்டையைச் செருமுவது போலத்தான் இருந்தது. அவள் மூச்சு என் காதில் பட்டது. சாலையைப் பார்க்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா? கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. ஏரியில் நீர் தகதகத்தது. நான் எதையும் பார்க்கவில்லை. மடங்கிய அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனேன். அதில் வானம் மட்டும் தெரிந்தது.

வந்தவாசியில் கோட்டை என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. மண்மேடு, அகழி, அகழியில் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் குப்பை. அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேட்டின்மேல் நின்றார்.

"இங்கிலீஷ்காரன் ஒருத்தன், பிரெஞ்சுக்காரன் ஒருத்தன். சண்ட அவனுங்களுக்குள்ள. அடி வாங்கனது மட்டும் இந்த ஊரு. இன்னா கத பாரு."

சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மதியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாழையிலை போட்டார்கள். அண்ணன் ரசித்துச் சாப்பிட்டார். சாம்பார், ரசம், மோர். சாப்பிட்டு முடித்து இலையை மூடப் போனவரின் கையை அண்ணி தொட்டாள். ஒன்றும் சொல்லாமல், தறியில் பாவு நூலைச் சரிசெய்வது போல அத்தனை இயல்பாக, அவர் இலையை அப்படியே திருப்பி வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன். இலையின் இடது பாதியில் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. இப்போது அவை அவருக்கு வலப்பக்கம் வந்தன.

"அட, அப்பளம் வெச்சிருக்காம்பா," என்று எடுத்துக் கடித்தார்.

நான் பாதிச் சோற்றோடு என் இலையை மூடினேன். அந்த இளநீர் சைக்கிள், அந்த "ம்", காதோரத்து மூச்சு, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன.

செஞ்சி போய்ச் சேரும்வரை என் இரண்டு கண்களும் இடப்பக்கத்தில்தான் இருந்தன. ஆடு, ஆடு, குடத்தோடு ஒரு பெண், வளைவு, பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். வெயிலில் அடுக்கி வைத்த பாறைகளாக மலைகள் எழுந்து வந்தபோதுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலை ஏற வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அண்ணன் கீழே இருக்கும் நெற்களஞ்சியத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். நாங்கள் இருவரும் மரநிழலில் உட்கார்ந்தோம். குரங்கொன்று எங்கள் பையை வேவு பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா அண்ணி?"

"இன்னாது?"

"எலய திருப்பினீங்களே."

அண்ணி குரங்கைப் பார்த்தபடியே பேசினாள். "ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்து. லெஃப்ட்ல தெரியலன்னுகூட இல்லம்மா. லெஃப்டுன்னு ஒண்ணு இருக்குதுன்றதே அவருக்கு ஞாபகம் வர்றதில்ல."

"டாக்டரு?"

"வண்டி ஓட்டாதீங்கன்னாரு. நல்லா தலயாட்டினாரு உங்கண்ணன். வெளிய வந்து, தறியில லெஃப்ட நீதான பாத்துக்கற, வண்டியிலயும் பாத்துக்கோ, முடிஞ்சிபோச்சின்னாரு."

நெசவாளர் வீட்டில் பிறந்தவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒருவர் தனியாக நெய்ய முடியாது. அவர்கள் தறியில் அண்ணன் வலப்பக்கம் உட்கார்ந்து உடலையும் வலது கரையையும் பார்ப்பார். இடது கரைக்கு இழை ஓட்டும் நாடா அண்ணி கையில். அவள் தன் இழையைப் போட்டுவிட்டு "ம்" என்பாள். அது காதில் விழுந்த பிறகுதான் அவர் இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிப்பார். இடப்பக்கம் அவர் திரும்பியே பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம் இன்னொருத்தி இருந்தாள். அந்தப் பக்கத்தையே அவர் தொலைத்த பிறகும் சேலையில் ஒரு பிசிறு இல்லை. பிறகு எப்படி நம்புவார், எதையோ இழந்துவிட்டோம் என்று?

"நீங்க சரின்னுட்டீங்களா அண்ணி?"

"மாசத்துல ஒரு நாளுதாம்மா அந்த மனுசன் சிரிக்கிறாரு. எதுனா வந்தா ம்முன்னு சொல்லுவேன். இல்லன்னா கம்முனு வருவேன். இதுவரிக்கும் ஒண்ணும் ஆவல. காலைலதான், நீ முன்னாடி இருந்தியா, எனக்கு ரோடே சரியா தெரியல."

பஸ்ஸில் போய்விடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் களஞ்சியத்திலிருந்து வெளியே வந்து, உள்ளே பேசினால் குரல் எதிரொலிக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது முகம் முழுக்க வெளிச்சம். பின்சீட்டில்தான் நல்ல காற்று வருகிறது என்று சொல்லி, அண்ணியை முன்னால் ஏற்றிவிட்டு, அண்ணனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழி நன்றாகத்தான் இருந்தது. "ம்." ஒரு ஆட்டுக்குட்டி. "ம்." ஒரு டிராக்டர். ஒவ்வொரு "ம்"முக்கும் கார் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியது. தறி மேடையில் கேட்டு வளர்ந்த சத்தம்தான். தோளை இறக்கினேன். தேசூர் தாண்டியது, வந்தவாசி தாண்டியது. வெயில் சரிந்தது. மாமண்டூர் ஏரிக்கரை வந்துவிட்டது, வெகு நேரமாக எந்தச் சத்தமும் இல்லை. சாலை காலியாக இருக்கிறது போல என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நினைத்த அந்த நொடியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தறியில் அண்ணி பேசாமல் இருந்தால், நில் என்று பொருள். காரில் அவள் பேசாமல் இருந்தால், போ என்று பொருள். அவர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தார்கள், தெரியாமலே.

எட்டிப் பார்த்தேன். அண்ணியின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விடியுமுன் எழுந்து எங்கள் மூன்று பேருக்கும் காலைச் சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டியவள். அவள் நெற்றிக்கு அப்பால், கண்ணாடிக்கு வெளியே, வேர்க்கடலைச் செடிக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு டிவிஎஸ் வண்டி. அதை ஓட்டியவரின் சட்டைக் காலர் கிழிந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அத்தனை பக்கத்தில்.

"அண்ணா, நிறுத்து."

நின்றது. கடலைக்கொடி எங்கள் பானட்டை உரசிக்கொண்டு போய், டிவிஎஸ் ஏரிக்கரை மண்ணில் ஏறி, விழாமல் நின்றது. அந்த ஆள் இறங்கி வந்தார்.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? ரோட்ட பாத்து ஓட்டுபா."

அண்ணி விழித்துக்கொண்டு, எதுவும் புரியாமல், பழக்கத்தில் "ம்" என்றாள்.

டிவிஎஸ் வண்டி போன பிறகு அண்ணன் எஞ்சினை அணைத்தார். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க அண்ணி தூங்கிட்டாளா?"

"ஆமா."

"எங்கருந்து?"

"தெரியலண்ணா. வந்தவாசிலருந்து இருக்கும்."

வந்தவாசியிலிருந்து மாமண்டூர் ஏரி வரைக்கும் இடப்பக்கத்தில் யாருமே இல்லாமல் வந்திருக்கிறார் அண்ணன். எத்தனை பேர் அந்தப் பக்கம் நடந்து போனார்களோ. அவர் கைகள் ஸ்டியரிங்கை விட்டு மெதுவாக மடிக்கு வந்தன. பிறகு மிகக் கஷ்டப்பட்டு, கழுத்தை ஒரு கனமான கதவைப் போலத் திருப்பி, இடப்பக்கம் பார்த்தார். அங்கே அண்ணி இருந்தாள்.

"எறங்கு," என்றார் அவளிடம். "பஸ் வரும்."

காரை ஏரிக்கரையில் ஒரு டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் தெருக்காரர் ஒருவர் போய் ஓட்டி வந்தார். பஸ்ஸில் சாவி அண்ணன் கையிலேயே இருந்தது. பாலாறு வந்ததும் அதை அண்ணியின் மடியில் போட்டார்.

இப்போதும் அவர்கள் போகிறார்கள், பஸ்ஸில். போன அமாவாசைக்குப் புள்ளலூர். ஜன்னல் சீட்டு அவருக்கு. காரை விற்றுவிடலாம் என்றால் மட்டும், இருக்கட்டும்மா, தெருவுல நிக்கட்டும் என்கிறார். அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அமாவாசை காலைகளில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறேன். பங்குனியில் காரின்மேல் வேப்பஞ்சருகு. சித்திரையில் வேப்பம்பூ. பானட்டிலும் கதவிடுக்கிலும், எதுவும் கலையாமல், அப்படியே. ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். தெருமுனை வந்ததும் நின்று, போய் இன்னொரு தடவை இடப்பக்கக் கதவையும் பார்த்துவிட்டு வருகிறேன்.