லூசியா அனுப்பிய மிளகாய்த்தூள்

இலங்கையின் மாத்தளைப் பக்கம் யட்டவத்தையில் ஜிப்ரி முதலாளியின் மிளகாய் மில்லில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவள் லூசியா. வயது ஐம்பத்தாறு. மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் நின்றாளென்றால் மூட்டை மூட்டையாய் வற்றல் உள்ளே போய்த் தூளாய் வரும். அவளுக்கு ஒரு தும்மல் வராது. வாயும் அதே காரம்தான். பஸ்ஸில் மேலே சாய்கிறவனாகட்டும், நாளைக்கு வா என்று அலைக்கழிக்கிற கிராம சேவகராகட்டும், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். புருஷன் ஞானரட்ணம் உயிரோடிருந்த காலத்தில், "இவளுக்குப் பயந்துதான் நான் குடிக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஷியாமளா. லெபனானின் தெற்கே ஒரு சிறு பட்டணத்தில், எழுந்து நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் நான்கு வருஷமாகியிருந்தது. 2024 செப்டெம்பரில் வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கியதும் ஊரே காரேறி வடக்கே ஓடியது. மூன்றாம் மாடியிலிருந்து அந்த அம்மாவைத் தூக்கி இறக்க ஆளில்லை. "அவங்கள கட்டில்ல போட்டுட்டு நான் மட்டும் எப்பிடிம்மா ஓடுறது? நாளைக்கு ஆள் வருவாங்களாம்" என்று போனில் குரல் பதிந்து அனுப்பினாள். மறுநாள் ஆள் வந்தபோது கட்டிலும் இல்லை, மாடியும் இல்லை.

ஆறு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று முத்திரை வைத்திருந்தார்கள். லூசியா திறக்கத்தான் போனாள். நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். பெற்றவளுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் புதைத்து முடித்தார்கள், பாவிகள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பங்குக் குருவானவர் அவள் தலையில் கைவைத்து, "மன்னிச்சிரு மகளே, மனசு லேசாகும்" என்றார்.

"மன்னிக்கிறேன் ஃபாதர். யாரையின்னு சொல்லுங்க. பேர் தெரியாம யாரப் போய் மன்னிக்கிறது?"

அவருக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம். உள்ளே போய்விட்டார். ஆனால் கேட்ட கேள்வி லூசியாவை விடவில்லை. மகளைக் கொன்றவனின் பெயர் வேண்டும். மன்னிக்கவா? சீச்சீ! அவன் நாசமாய்ப் போக வேண்டும், அவன் பெற்றதை அவன் கையாலேயே மண்ணில் போட வேண்டும். அப்படித்தான் நினைத்தாள், அதை யாரிடமும் ஒளிக்கவுமில்லை.

குண்டைப் போட்டது ஒரு நாடு, குண்டைக் கொடுத்தது இன்னொரு நாடு என்று டீவியில் சொன்னார்கள். இரண்டும் நேச நாடுகளாம். "நேசமாம் நேசம்!" என்று மில்லில் எல்லாரும் கேட்கக் கத்தினாள். "ஒருத்தன் கத்தியக் குடுப்பான், ஒருத்தன் குத்துவான், அப்புறம் ரெண்டு பேரும் கை குலுக்கிப் படம் புடிச்சுக்குவானுங்க. நல்லா இருக்குய்யா ஒங்க நேசம்!" நாட்டுப் பெயர்களை அவள் சொல்வதில்லை. போட்டவன், கொடுத்தவன்; அவ்வளவுதான். போட்டவனுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை. கொடுத்தவனுக்கு இருந்தது.

அலுவிகாரையில் இராஜசிங்கம் என்றொரு பெரியவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, மாத்தளை நீதிமன்றத்தில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லூசியா சொல்லச் சொல்ல அவர் அந்தத் தூதரகத்துக்கு மூன்று ஆங்கிலக் கடிதங்கள் எழுதினார். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான். போட்டவன் பெயர் என்ன, கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தவன் பெயர் என்ன? ஒவ்வொன்றின் அடியிலும் லூசியா தன் கையால் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எழுதினாள். அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அது பழக்கம். இலக்கம் இல்லாத கடிதத்தை எந்தக் கந்தோரும் குப்பையில் போட்டுவிடும் என்று பட்டுத் தெரிந்தவர்கள்.

மூன்றாவதற்கு அரைப்பக்கப் பதில் வந்தது. இராஜசிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"உங்கடை இழப்புக்கு வருந்தினமாம். தங்கடை நேச நாடு சர்வதேச சட்டத்துக்கு மதிப்புக் குடுத்துத்தான் சண்டை பிடிக்குது எண்டு முழுசா நம்பினமாம்."

"கையெழுத்து யாரு ஐயா?"

"கையெழுத்து இல்லைப் பிள்ளை. 'அலுவலகம்' எண்டு மட்டும் அச்சடிச்சிருக்கு."

"அந்தச் சட்டத்துல என்னதான் எழுதியிருக்கு?"

"சண்டைக்குப் போகாத சனத்துக்கு மேலை குண்டு போடக் கூடாது எண்டு வடிவாத்தான் எழுதியிருக்கு. கேக்கிறதுக்குத்தான் ஆளில்லை."

"அப்ப நான் கேக்குறேன்" என்றாள் லூசியா. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மாத்தளைக்கு வடக்கே நாலந்தா என்கிற ஊருக்கு அப்பால் சிங்களவரும் தமிழரும் போகிற ஒரு காளி கோயில் இருக்கிறது. தீங்கு செய்தவன் பெயரைச் சொல்லி அங்கே அம்மியில் மிளகாய் அரைத்தால் அவன் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. வேதக்காரி லூசியா, கழுத்துச் செபமாலையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். இத்தனை வருஷம் அடுத்தவன் சோற்றுக்கு அரைத்தாள். அன்று தனக்காக அரைத்தாள். மெஷினுக்குப் பழகிய கை அம்மியில் கொப்பளித்தது. அரைத்து முடித்தபின் பூசாரி கபு மாத்தையா யாருடைய பெயர் என்று கேட்டார். தெரியாது என்றாள்.

"ஐயோ அம்மே, பேர் இல்லாம அனுப்ப ஏலாது. இது போற எடம் தெரியாம ஒங்க தலைக்கே திரும்பி வரும். எடுத்துட்டுப் போங்க."

யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். லூசியாவா விடுவாள்? அரைத்ததை வெயிலில் உலர்த்தி, அதில் ஒரு கரண்டி தூளைத் தாளில் மடித்து உறையில் போட்டாள். கூடவே தமிழில் ஒரு துண்டு. "இது என் மகள் ஷியாமளாவுக்காக அரைத்தது. பெயர் தெரியாததால் முகவரிக்கு அனுப்புகிறேன். குற்றமுள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும்." அதற்கும் கீழே முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். யட்டவத்தைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலாகவே அனுப்பினாள்.

கொழும்பில் தூதரகமே கலங்கிப்போனது. உறையைத் திறந்த கையில் சிவப்புத் தூள் கொட்டியதும் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரையும் வெளியே அனுப்பினார்கள். தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்போடு ஆட்கள் வந்தார்கள். தெருவை மூடினார்கள். மூன்றாம் நாள் காலையில் மில் வாசலில் ஜீப் நின்றது. கையுறை போட்ட அதிகாரி, அந்தச் சிவப்புத் தூளை எங்கே மறைத்து வைத்திருக்கிறாள் என்று அதட்டினார்.

"யா அல்லாஹ், சேர்! மில்லு முழுக்க அதுதானே கெடக்கு. எந்த மூட்டைய அள்ளப் போறீங்க?" என்று ஜிப்ரி முதலாளி தலையில் கைவைத்தார். அதிகாரி பதில் சொல்ல வாயைத் திறந்தார்; எட்டுத் தும்மல் வந்தது.

லூசியா விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் செத்தபின் அவள் சிரித்தது அன்றுதான். "பாத்தீங்களா மொதலாளி! ஒரு வீட்டையே இடிச்சிப் புள்ளையக் கொன்னதுக்கு வராத சட்டம், ஒரு கரண்டி மொளகாத்தூளுக்கு ஓடி வருது பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல் ஜீப்பில் ஏறினாள்.

மாத்தளை நீதவான் முன்னால் பொலிஸார் அறிக்கையை வாசித்தார்கள். முறைப்பாட்டாளர், தூதரக அதிகாரி மார்கஸ் வீலன். லூசியா கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். பெயர்! ஒரு வருஷமாய் எந்த வாசலிலும் கிடைக்காத பெயர், கேட்காமலே காதில் விழுந்தது. குண்டு போட்டவன் அவனில்லைதான். இருக்கட்டுமே. கொடுத்தவனின் சம்பளத்தில் சாப்பிடுகிறவன்தானே? இராஜசிங்கத்தின் மகள் வித்தியா அவளுக்காக ஆஜரான சட்டத்தரணி. அவளிடம் லூசியா கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த ஆளு கோட்டுக்கு வரணும்ல?"

"வழக்கு நடந்தா சாட்சி சொல்லக் கூப்பிடலாம். ஆனா அவங்களுக்கு விசேஷ பாதுகாப்பு இருக்கும்மா, வருவாருன்னு நம்பாதீங்க."

முதல் பாதி மட்டும்தான் லூசியாவின் காதில் ஏறியது. பதினாலு நாள் விளக்கமறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள். மற்றப் பெண்கள் அழுதார்கள். இவள் தெம்பு வேண்டும் என்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவன் எதிரே வந்து நிற்கும்போது கேட்கப் போவதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். என் மக எந்தச் சண்டைக்குப் போனா? அந்தக் கெழவி எந்தத் துப்பாக்கியத் தூக்கினா? சொல்லுடா. ஒவ்வொரு முறையும் அவன் தலை குனிந்தான். ஒவ்வொரு முறையும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வழக்கின் இரண்டாம் தவணையில் வீலன் வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. மகளை இழந்த தாய் என்பதால் மனிதாபிமான அடிப்படையில் அவளை மன்னிப்பதாகவும், வழக்கைத் தொடர விருப்பமில்லை என்றும் தூதரகம் எழுதியிருந்தது. நீதவான் நல்ல மனுஷன். தூளும் வெறும் மிளகாய்தான் என்று ஆய்வறிக்கை வந்துவிட்டது. வழக்கு முடிந்தது, அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று சிங்களத்தில் இதமாகச் சொன்னார்.

"மன்னிச்சாங்களா?" லூசியாவின் குரல் கூரையில் மோதியது. "என்னையவா? நானா கேட்டேன்? எம்புள்ளையக் கொன்னுட்டு என்னைய மன்னிக்க அவனுக யாரு? நாந்தான் அனுப்புனேன். பேர் போட்டு, வெலாசம் போட்டு அனுப்புனேன். வழக்க எழுதுங்க ஐயா!"

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் நீதவான் பக்கம் திரும்பினார். "நன்றி சொல்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னார், நல்லது நினைத்துத்தான்.

சனங்களுக்கிடையில் இருந்த இராஜசிங்கம் எழுந்து நின்றார். வித்தியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டு, லூசியா சொன்னதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னார். அமரும்படி கட்டளை வந்தது. முழுவதையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நீதவான் வழக்குக் கோப்பை மூடி, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டார்கள். வந்தவனுக்கு நிற்க இடமில்லை. லூசியா கூண்டை விட்டு இறங்கவில்லை. பெண் பொலிஸ் ஒருத்தி கெஞ்சினாள், இன்னொருத்தி தோளைப் பிடித்தாள். மிளகாய் மூட்டை தூக்கிய கை, கம்பியை விடவில்லை.

"அவன வரச் சொல்லுங்க" என்றாள். "வந்து எம்மூஞ்சியப் பாத்து மன்னிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன்."